கடல் கொணர்ந்த மார்க்கம், கரை கொடுத்த மொழி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறப்படும் காலை வண்டியிலே இடம் பிடிப்பது எளிதன்று. தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவோர் கூட்டம். தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரியாவும் வங்கமும் ஒரே பெட்டியில் ஒலிக்கும். அக்கூட்டத்தோடு கடைசிவரை போகாமல், இடையே பொன்னேரியில் இறங்கிக் கிழக்கு நோக்கிப் பேருந்தேறினால் பழவேற்காடு வரும். திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரைப் பட்டினம். ஏரியையும் பூநாரைகளையும் காண வருவோர் உண்டு. டச்சுக்காரர் தம் கல்லறைத் தோட்டத்து வாயிலில் செதுக்கி நிறுத்திய எலும்புக்கூட்டுச் சிலைகளைக் காண வருவோரும் உண்டு. நாம் காண வேண்டியது வேறொன்று. சின்னப் பள்ளிவாசல் என்று ஊரார் அழைக்கும் தொழுகைக் கூடத்திலே நிழற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. கதிரவன் எறியும் நிழலைப் பார்த்துத் தொழுகைக்கு நேரம் குறித்த கருவி அது. அந்த நிழல் எந்த நாட்டுக் கதிரவனின் நிழல்? இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இதனுள்ளே ஒரு சமுதாயத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது.

பழவேற்காட்டு முஸ்லிம்களிடையே வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மதீனா நகரத்திலே புதிதாக வந்த கலீபாவுக்குப் பணிய மறுத்த அரபுக் குடும்பங்கள் நாடு கடத்தப்பட்டன. நான்கு மரக்கலங்களில் ஏறிப் புறப்பட்ட அவர்கள், 13ஆம் நூற்றாண்டிலே இக்கரைகளை அடைந்து, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இங்கும் குடியேறினர் என்பது அக்கதை. கேட்க இனிய கதை. மானத்துக்காக மண்ணைத் துறந்தவர்கள் எம் முன்னோர் என்று சொல்லிக்கொள்ள யார்தான் விரும்பமாட்டார்?

ஆனால் நாம் கதை கேட்டு மயங்கும் கூட்டமன்று. புராணிகர் சொன்னபோது கேள்வி கேட்டவர்கள், மௌலவி சொல்லும்போது மட்டும் வாய்மூடி இருப்பது நேர்மையாகாது. 13ஆம் நூற்றாண்டிலே கலீபா இருந்தது மதீனாவிலன்று, பாக்தாதிலே. அந்தக் கலீபாப் பதவியையும் 1258இல் மங்கோலியர் குருதியிலே மூழ்கடித்தனர். மதீனாக் குடிகளிடம் புதிதாகப் பணிவு கேட்ட கலீபா அந்த நூற்றாண்டில் எங்கிருந்து வந்தார்? மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர் 1810இல் வெளியிட்ட தென்னாட்டு வரலாற்றிலே இதே கதை வேறு உருவில் வருகிறது. அங்கே கொடியவர் கலீபா அல்லர். ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ். காலமும் 13ஆம் நூற்றாண்டன்று. ஏழின் முடிவும் எட்டின் தொடக்கமும். அவர் விரட்டிய ஹாஷிம் குலத்தவரில் கொங்கணக் கரையில் இறங்கியோர் நவாயத்துகள், குமரிக்குக் கிழக்கே இறங்கியோர் லெப்பைகள் என்கிறது அது. கொடுங்கோலன் பெயர் மாறுகிறது, ஐந்நூறு ஆண்டு முன்பின்னாகிறது. கப்பலும் ஓட்டமும் உயர்குலமும் மட்டும் மாறுவதில்லை. எந்தக் கதையிலும் மாறாமல் நிற்பது எதுவோ, அதற்காகவே அக்கதை கட்டப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை.

அப்படியானால் அரபியர் வரவில்லையா? வந்தனர், வந்துகொண்டே இருந்தனர். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை நம் மக்கள் அறிவர். பாண்டியன் தன் அமைச்சரிடம் பொன்னைக் கொடுத்துக் கீழைக் கடற்கரைக்கு ஏன் அனுப்பினான் என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. குதிரை கடல்வழியே வந்தது என்பதால்தான் அனுப்பினான்! தமிழ்நாட்டின் தட்பவெப்பத்திலே நல்ல குதிரை பெருகாது. ஹோர்முஸ், கிஷ், தோஃபார், ஷிஹர், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து வணிகர் பாண்டிய நாட்டுக்குக் குதிரை ஏற்றி வந்ததை 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே காயலைக் கண்ட மார்க்கோ போலோ எழுதிவைத்தார். வந்த குதிரைகளைப் பேணத் தெரியாமல் ஆண்டுதோறும் சாகவிட்டனராம். இங்கே குதிரை மருத்துவர் வந்துவிட்டால் விற்பனை குறையுமென்று, அவர்களை வரவொட்டாமல் தடுத்தனராம் வணிகர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்கு 10,000 குதிரை என்று கணக்கே சொல்கிறார். மிகை இருக்கலாம், வணிகம் பொய்யன்று. நம் கரைக்கு அவர்கள் இட்ட பெயர் மஅபர், அதாவது கடந்து செல்லும் துறை. வாளேந்தி வந்து பிடித்த நாட்டுக்கு இடும் பெயரா இது?

இந்த வணிகம் காற்றை நம்பியது. தென்மேற்குக் காற்றிலே வந்த கப்பல் திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வீசவேண்டும். அதுவரை மாதக்கணக்கிலே கரையில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோர் சிலர் மணம் செய்துகொண்டனர், பலர் தங்கியே போயினர். கப்பலிலே வந்தவர் பெரும்பாலும் ஆடவர். அவர்தம் மக்களைப் பெற்றவர் யார்? பரதவர் வீட்டுப் பெண்ணும் நெசவாளர் வீட்டுப் பெண்ணும் இக்கரையின் ஏனைக் குடிப் பெண்களும் அல்லரோ? பிள்ளைக்குப் பாலோடு மொழியையும் ஊட்டியவள் அவள். நான்கு கப்பல் கதையிலே அவளுக்கு இடமே இல்லை. தந்தை வந்த மரக்கலத்தை நினைவில் வைத்தவர்கள், தாய் நின்ற கரையை மறந்தனர்.

மறந்தது கதைதான், வாய் மறக்கவில்லை. வட இந்திய முஸ்லிம் நமாஸ் என்பான், ரோசா என்பான், இரண்டும் பாரசீகம். அரபியன் ஸலாத் என்பான், ஸவ்ம் என்பான். தமிழ் முஸ்லிமோ தொழுகை என்கிறான், நோன்பு என்கிறான். ஈத் அவனுக்குப் பெருநாள். அவன் கூடும் இடம் பள்ளிவாசல். சமணரும் பௌத்தரும் உறைந்த இடத்துக்குத் தமிழ் வழங்கிய 'பள்ளி' என்ற பெயர், அவர்கள் அழிந்த பின்னும் அழியாமல் இங்கே வந்து குடிகொண்டது. இறைவன், மறை, தூதர், ஓதுதல் எல்லாம் தமிழே. வீட்டுக்குள்ளே போனால் உம்மா, வாப்பா என்று அரபின் சாயல் தெரியும். அடுக்களைக்குள் போனால் மீண்டும் பழந்தமிழ். குழம்பை ஆணம் என்பார்கள். மற்றோர் கைவிட்ட சொல் அது. நம்மவரிலே பலர் சாதம் என்று சொன்னால்தான் மதிப்பு என்று எண்ணத் தலைப்பட்ட காலத்திலும், கடலோர முஸ்லிம் வீட்டிலே சோறு சோறாகவே இருந்தது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, ஜப்தி, ஜில்லா, தாலுகா, கைதி, ஆஜர், மராமத்து எல்லாம் அரபு வேர்ச்சொற்கள். நவாபுகளின் கச்சேரி வழியே, பாரசீகத்தின் தோளேறி வந்து தமிழிலே புகுந்தவை. ஆகவே, நிலத்தகராறுக்காக முன்சீப் கோர்ட்டுக்குப் போகும் திருநீறு பூசிய நாட்டாண்மைக்காரர் பேசும் பேச்சிலே, பள்ளிவாசலில் நின்று தொழுகை முடித்துப் பெருநாள் வாழ்த்துக் கூறும் லெப்பை வீட்டுக் கிழவரின் பேச்சைவிட அரபுச் சொல் மிகுதி! அந்நியர் யார் என்று சொல்லளந்து பார்க்கப் புறப்படுவோர், முதலில் தம் பத்திரக்கட்டை அவிழ்த்துப் பார்ப்பது நல்லது.

அரபுத் தாக்கம் ஆழமாகப் பதிந்த இடம் எழுத்து. அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் அதற்குப் பெயர். மொழி தமிழ், வரிவடிவம் அரபு. அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துகளிலே நம் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ணகரத்துக்கும் ஏது இடம்? பகரமே அங்கில்லை. ஆகவே இருக்கும் எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டியும் கோடுகளை மாற்றியும் தமிழொலிக்கு எழுத்துச் செய்துகொண்டனர். திருமறை ஓதக் கற்ற பெண், அதே எழுத்தைக் கொண்டு தன் தாய்மொழியைப் படிக்க முடிந்தது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வெழுத்திலே நூல்கள் இயற்றினார். பழவேற்காட்டிலும் அரபுத் தமிழ் வழங்கியது. இன்றும் அதனைப் படிக்கத் தெரிந்தோர் சிலர் அங்குண்டு என்பர். பெண்டிர்க்கு எழுத்தே கூடாது என்று ஊரெங்கும் பூட்டிவைத்திருந்த காலத்திலே, கல்விக்கு இதுவும் ஒரு சாளரம். ஆனால் அச்சாளரம் ஒரு தெருவை நோக்கியே திறந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரபுத் தமிழிலே படித்தவர்க்குக் குறள் கைக்கெட்டவில்லை. குறள் படித்தவர்க்கு மாப்பிள்ளை லெப்பையின் ஏடு வெறும் கோடும் புள்ளியும். ஒரே மொழியினர், இரு வேலிக்குள்.

வேலியைத் தாண்டியவர் உமறுப்புலவர். 17ஆம் நூற்றாண்டிலே சீதக்காதியின் ஆதரவாலும், பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவாலும் பாடப்பட்டது சீறாப்புராணம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று காண்டப் பெயர்கள் அரபு. உள்ளே நுழைந்தால் அரபு நாட்டிலே ஆறு பாய்கிறது, நெல் விளைகிறது, தாமரை பூக்கிறது! பாலைவனத்தை மருதமாக்கியது புலவரின் அறியாமையா? நபிகளாரின் ஊர் நல்ல ஊர் என்று தமிழனுக்குச் சொல்லவேண்டுமானால், அங்கே நீர் பாய்கிறது என்றுதான் சொல்லவேண்டும். அது தெரிந்தவர் அவர்.

பண்டத்திலும் போக்கு ஒருவழியாக இல்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமா, பழவேற்காட்டிலே முஸ்லிம் வணிகர் மிகுதி என்று குறித்தார். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை இங்கே எழுப்பியதும் துணிக்காகவே. அடிமைகளையும் இத்துறையிலிருந்து அவர்கள் ஏற்றி அனுப்பினர் என்ற இழிவும் அக்கோட்டையின் கணக்கிலே உண்டு. இங்கிருந்து கிழக்கே போன கட்டம் போட்ட துணிக்கு ஊரின் பெயரே பெயராயிற்று. மலாய் நாட்டிலே இன்றும் ஆடவர் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடே. மலாய்க்காரர் கண்ணிலே மார்க்க உடையாகத் தோன்றுவது, தமிழக நெசவாளன் தறியிலே பிறந்தது.

வணிகரோடு வந்த இன்னொன்றைச் சாதாரணமாக யாரும் கவனிப்பதில்லை. அது சட்டம். தமிழகத்தின் உள்நாட்டு முஸ்லிம்களில், துருக்கியப் படைகளோடும் தக்காணத்தோடும் தொடர்புற்ற ராவுத்தர்களும் தக்கனிகளும் ஹனஃபி மரபினர். கடலோர மரைக்காயரோ ஷாஃபி மரபினர். மலையாளக் கரை, இலங்கை, மலேயா, இந்தோனேசியா என ஏமன் நாட்டு ஹள்ரமவுத்திலிருந்து பாய்மரம் போன இடமெல்லாம் ஷாஃபி. காற்றின் வழியே வரைபடமாகிறது. பிற்பகல் தொழுகைக்கு நேரம் எப்போது தொடங்கும்? நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமாகும்போது என்பர் ஷாஃபிகள். அதுபோல் இருமடங்காகும்போது என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. நட்டுவைத்த குச்சியின் நிழலைக் கொண்டே முன்னோர் எத்திசைத் தொடர்பினர் என்று கண்டுகொள்ளலாம்!

இச்சட்டத்தோடு வந்த சரக்குகளிலே ஒன்று நஞ்சு. மணமக்கள் குலத்தால் ஒத்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் வகுத்த விதிக்குக் கஃபாஆ என்று பெயர். அரபியன் மகளுக்கு அரபியல்லாதான் நிகராகான் என்று அவ்விதி தரம் பிரிக்கிறது. இறுதிப் பேருரையிலே நபிகள், அரபிக்கு அரபியல்லாதான்மீது உயர்வில்லை என்று சொன்னதாக மீலாது மேடைதோறும் கேட்கிறோம். மேடைக்கு அச்சொல், மணப்பந்தலுக்கு இவ்விதி. 1905இல் சிங்கப்பூரிலே நபி வழியினள் எனப்பட்ட அரபுக் குலப்பெண்ணை இந்திய முஸ்லிம் ஒருவர் மணந்தபோது புயலே எழுந்தது. கெய்ரோவில் 'அல் மனார்' நடத்திய ரஷீத் ரிளா, மணம் செல்லும் என்றார். செல்லாது என்று ஜாவாவிலிருந்த அரபுச் சையதுகள் சீறினர். பூணூல் இல்லாமலே ஒரு வருணாசிரமம்!

நம் கரையிலும் அதன் நிழல் விழுந்தது. மரைக்காயர் வீட்டுப் பெண்ணை லெப்பைக்குக் கொடுப்பதில்லை; ராவுத்தரோடு சம்பந்தம் இல்லை; தக்கனியர் தனி. எம்மில் அரபுக் குருதி மிகுதி என்று ஒருவர், அவர்கள் மதம் மாறியோர் என்று இன்னொருவர். தமிழ்நாட்டு அரசு 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கியபோது, லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, மாப்பிள்ளா, ஷேக், சையத் எல்லோரும் ஒரே பட்டியலிலே நின்றனர். கஃபாஆ பிரித்துவைத்தவர்களை ஓர் அரசாணை பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது.

1947இல் பெரியார், இன இழிவு ஒழிய இஸ்லாத்தைக் காட்டியது எதனால்? பிறப்பை வைத்து மனிதனை அளக்காத இடம் அது என்பதனால்தானே? 1981இல் மீனாட்சிபுரத்து ஒடுக்கப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவியதும் அவ்விழிவிலிருந்து விடுபடத்தான். அவர்கள் எந்த நான்கு கப்பலில் வந்தனர்? அரபு வம்சாவளியே முஸ்லிமின் பெருமை என்றால், அவர்களுக்கு அங்கே என்ன இடம்? இதை நான் பழிக்கச் சொல்லவில்லை. அரபுக் குருதி என்று நெஞ்சு நிமிர்த்துவோர்க்கும், அதே குருதியைக் காட்டி 'வந்தேறிகள்' என்று தூற்றும் காவிக் கூட்டத்துக்கும் மூலதனம் ஒன்றே என்பதைச் சொல்கிறேன். இரு சாராரும் தமிழ்த் தாயை மறைத்துத்தான் தம் கடையைத் திறக்கமுடியும்.

அக்கடை திறந்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டாம். பழவேற்காட்டுக்கு அருகே, கும்மிடிப்பூண்டியிலே இலங்கையிலிருந்து வந்த தமிழ் ஏதிலியர் முகாம் இருக்கிறது. அவர்கள் விட்டுவந்த தீவிலே இச்சிக்கல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கொதிக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். ஆராய்ச்சி போலிருந்தது, உள்ளே அரசியல் இருந்தது. சட்டசபையிலே சோனகர்க்குத் தனி உறுப்பினர் வேண்டுமென்ற குரல் எழுந்த காலம் அது. 1889இல் அவ்விடம் கிடைத்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு நூல் வெளியிட்டார். எம் முன்னோர் ஹாஷிம் குலத்து அரபியர் என்றார். இராமநாதன் சோனகரின் தாயைக் கண்டு தந்தையை மறந்தார். அஸீஸ் தந்தையைக் கண்டு தாயை மறந்தார். இருவரும் மறந்தது ஒரு பாதி, இழந்தது ஒரு நாடு. இடையே 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர், துருக்கித் தொப்பி அணிந்து நீதிமன்றத்திலே வாதாட உரிமை கேட்டுப் போராடினார். அத்தொப்பியைத் துருக்கி நாடே 1925இல் சட்டம் போட்டு ஒழித்தது என்பது வரலாற்றின் குறும்பு.

அதே சமுதாயத்திலே சித்திலெப்பை (1838–1898) இருந்தார். எகிப்திலே ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவோடு பழகினார். அந்த அரபியரிடம் அவர் பெற்றது தொப்பியன்று, புதுக்கல்வி வேட்கை. 'முஸ்லிம் நேசன்' நடத்தினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். தமிழின் தொடக்க நாவல்களில் ஒன்று அது. கதை தொடங்குவது கெய்ரோவில்! அரபுலகத்தை நோக்கிய இவ்வழி வளர்ந்திருக்கலாம். வளர்ந்தது மற்றதே. அதன் கொடிய முடிச்சை அவிழ்த்துக் காட்டும் கடமை தமிழர்க்கே உண்டு: 1990 அக்டோபரிலே, வடமாகாணத்து முஸ்லிம்களை, தமிழே பேசி வாழ்ந்த அம்மக்களை, விடுதலைப் புலிகள் ஊரைவிட்டே வெளியேற்றினர். தமிழர் என்று 1888இல் உரிமை கொண்டாடிய வாய், 1990இல் தமிழரல்லர் என்று விரட்டியது. அதற்குப் பின், காத்தான்குடி நெடுஞ்சாலையின் நடுவே பேரீச்சை மரங்கள் நடப்பட்டு, அரபுப் பெயர்ப்பலகைகள் எழுந்தபோது, ஏன் இந்த அரபு மோகம் என்று வியப்பதற்கு நமக்கு என்ன தகுதி?

இனி, புதிய அரபுக் காற்று. 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியது; வளைகுடா கூலிக்கு ஆள் கேட்டது. பண்டு அரபியன் குதிரையோடு வந்து காத்திருந்தான். இன்று தமிழன் கடவுச்சீட்டோடு போய்க் காத்திருக்கிறான். வாங்குவோனாக இருந்து கற்பதும், கூலியாளாக இருந்து கற்பதும் ஒன்றாகா. முதலாளியின் உடை, வேலைக்காரன் கண்ணுக்கு மார்க்கமாகவே தெரியும். சேலைமீது வெள்ளைத் துப்பட்டி போர்த்திச் சென்ற கடலோரப் பெண்கள், ஒரு தலைமுறையிலே கறுப்பு அபாயாவுக்கு மாறினர். கல்தூண் மண்டபமாக, கோயில் கட்டிய அதே சிற்பியர் மரபிலே எழுந்த கீழக்கரைப் பள்ளிவாசல் போன்றவை பழமையாயின. குவிமாடமும் கோபுரமும் இல்லாவிட்டால் பள்ளிவாசலே அன்று என்ற எண்ணம் பரவியது.

எண்பதுகளில் கிளம்பிய தவ்ஹீது இயக்கங்களை அரபுமயம் என்று ஒரே சொல்லிலே ஒதுக்குவோர் நம்மிலும் உண்டு. அது சோம்பேறித்தனம். தர்காவிலே தாயத்து விற்றவனை அவர்கள் எதிர்த்தனர். பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்குவதை எதிர்த்தனர். அரபு மரபிலே மணமகன்தான் மஹர் கொடுக்கவேண்டும், கைக்கூலி நம் மண்ணின் நோய், அதை நாம்தான் அவர்களுக்கு ஒட்டவைத்தோம். வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவைத் தமிழிலே நிகழ்த்தினர். மக்கள் கையிலே தமிழ்க் குர்ஆனைக் கொடுத்தனர். இதற்காகவே அவர்களுக்கு முன் தனியாக நின்று வசை வாங்கியவர் பா. தாவூத்ஷா (1885–1969), 'தாருல் இஸ்லாம்' ஏட்டிலே, பொருள் தெரியாமல் ஓதுவதால் பயனென்ன என்று கேட்டவர். ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி 1926இல் தொடங்கிப் பல்லாண்டு உழைத்துக் குர்ஆன் முழுவதையும் தமிழாக்கினார். பாரசீகம் பேசியவர் பாரசீகத்திலே ஓதித் தொழலாம் என்று 8ஆம் நூற்றாண்டிலேயே அபூ ஹனீஃபா இடமளித்ததுண்டு என்பதை, எதிர்த்த முல்லாக்கள் அறியாதவர்களா?

என் குறை வேறு. தாயத்து ஏன் கூடாது? நோயை அது தீர்க்காது என்பதாலா, மூல நூலில் இல்லை என்பதாலா? அவர்கள் சொன்னது பின்னது. நூலில் இருந்தால் ஏற்போம் என்பது அதன் மறுபக்கம். அறிவின் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிய கதை இது. அரபு நாட்டைப் பின்பற்றுவதிலும் நேர்மை வேண்டாமா? மக்காவின் பெரும்பள்ளியிலே பெண்கள் வந்து தொழுகின்றனர். தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்ணுக்கு இன்னும் வாசல் இல்லை. அபாயாவை இறக்குமதி செய்தவர்கள் அந்த வாசலையும் கொண்டுவந்திருக்கலாமே! 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகம், அரபு நாட்டைக் கேட்டுக்கொண்டா பேனாவைப் பிடித்தார்?

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். அங்கே முஸ்லிம் பெண்கள் பனையோலையிலே கூடையும் பெட்டியும் பின்னுகின்றனர். பேரீச்சை அன்று, பனை. சின்னப் பள்ளிவாசலிலே நிற்பவர் மேற்கே மக்காவை நோக்கித்தான் தொழுகிறார். ஆனால் தொழுகை நேரத்தை மக்காவின் கதிரவன் குறிப்பதில்லை. மக்காவுக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே ஏறத்தாழ 40 பாகை தீர்க்கரேகை. பாகைக்கு 4 நிமிடம். ஆகவே பழவேற்காட்டிலே நிழல் சுருங்கி நண்பகல் ஆகும்போது, மக்காவில் இன்னும் 2 மணி 40 நிமிடம் கழித்துத்தான் உச்சிவேளை. பெருநாளுக்கு மட்டும் தகராறு தீரவில்லை: சவூதி அறிவிப்பைக் கேட்டு நோன்பு முடிப்போர் சிலர், தம் ஊர் வானிலே பிறை கண்டாலன்றி முடிக்காதோர் பலர். ஒரே தெருவிலே இருநாள் பெருநாள் வருவதுண்டு. பழவேற்காட்டு முன்னோர், தொழுகை நேரத்தைப் பொறுத்தவரையில், அந்தக் கருவியைத் தம் ஊர் வெயிலிலேயே வைத்தனர்.